ஜெர்மனி தலைக்கு ஒரு விதி, நம்ம தலைக்கு ஒரு விதியா?

வண்டிகளுக்கு உலகம் பூரா ஒரே விதி வேணும்னு ஜெனீவால ஒப்பந்தம் போட்டது 1958ல. ஜெர்மனி அதுல இருக்கு, நாம இன்னும் சேரல, 2006ல இன்னொரு ஒப்பந்தத்துல சேந்ததோட சரி. 2014ல கார் பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்குற குளோபல் என்கேப் அமைப்பு இங்க ஓடுற அஞ்சு காரை மோதவிட்டு பாத்துச்சு, அஞ்சுக்கும் பூஜ்யம் ஸ்டார்! டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019ல, பக்கத்து சீட்டுக்கு 2021ல. நடுவுல ரெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்தவங்க உயிர் உயிரில்லையா? என் வண்டில பின் சீட்டு நடுவுல இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டை, எம்பொண்ணு அங்கதான் உக்காருவா, நேத்து சடன் பிரேக் போட்டதுல அவ நெத்தி போய் முன் சீட்டுல இடிச்சு வீங்கிருச்சு, வயிறு எரியுது. தோள் வழியா ஒரு பட்டை போட என்னங்க கேடு?