ஸ்டார் வார்ஸ் வரும் முன்பே தொடங்கிய முயற்சி

"ஸ்டார் வார்ஸ் ஓடியதைப் பார்த்துத்தான் பாரமவுண்ட் ஸ்டார் ட்ரெக்கைப் படமாக எடுக்க நினைத்தது, அதுவும் தோல்விப் படம்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியல்ல.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் 1969இல் நின்றது. ஆனால் மறுஒளிபரப்பில்தான் அது பெரிதாக வளர்ந்தது. 1975லேயே பாரமவுண்ட் பட நிறுவனத்தார் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரியை அழைத்துத் திரைக்கதை எழுத வைத்தார்கள். அது ஏற்கப்படவில்லை. அப்புறம் இன்னொரு படத்திட்டம். 1977 மே மாதம், ஸ்டார் வார்ஸ் வெளிவருவதற்குச் சற்று முன், அதையும் கைவிட்டார்கள். அடுத்து புதிய தொலைக்காட்சித் தொடராகவே எடுக்க முடிவு செய்து அரங்குகளைக் கட்டத் தொடங்கினார்கள். அந்தத் தொடரின் முதல் கதைதான் 1979 டிசம்பரில் ராபர்ட் வைஸ் இயக்கத்தில் படமாக வந்தது. தொடரைப் படமாக மாற்றும் முடிவில் ஸ்டார் வார்ஸின் வசூலுக்குப் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் யோசனை அங்கே பிறக்கவில்லை. இத்தனை ஆண்டு விடாமல் கேட்ட ரசிகர்களின் உழைப்பை இப்படி மறைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வசூலுக்கு வருவோம். செலவு சுமார் 4.4 கோடி டாலர். கைவிட்ட முயற்சிகளின் செலவும் அதில் சேர்ந்தது. உலக அளவில் வந்தது சுமார் 13.9 கோடி டாலர். எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, விமர்சனங்களும் கலவைதான். அதனால்தான் 1982இல் வந்த இரண்டாவது படத்தைச் சுமார் 1.2 கோடியில் முடித்தார்கள். தோல்விப் படத்துக்கு அடுத்த பாகமே வந்திருக்காது.