எண்ணாமல் எழுத மாட்டேன் என்றது திமிரா?

இரண்டு நாளாக நம் நர்சிங் குழுக்கள் எல்லாவற்றிலும், எண்ணாமல் எழுத மாட்டேன் என்ற ஒரு நர்சிங் மாணவியை வார்டில் திட்டும் அந்தக் குரல் பதிவுதான் ஓடுகிறது. கேட்காதவர்கள் யாரும் இருக்க மாட்டீர்கள் என்பதால் மறுபடி போடவில்லை. அதற்குக் கீழே நீங்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ப்ரொஃபஷனலிசமே கிடையாது." "யூனிஃபார்ம் போட்டால் நர்ஸ் ஆகிவிட முடியுமா?" எழுதியவர்களில் பாதிப் பேர் நர்சிங் ஆசிரியர்கள். நானும் ஆசிரியைதான், அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அந்த இரண்டாம் வருட மாணவி என்னதான் சொன்னாள்? சார்ட்டில் மூச்சு எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருந்தது. டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறது, எல்லாருக்கும் 18 என்று போட்டுவிடு என்றார்கள். "நான் எண்ணவே இல்லையே சிஸ்டர், எண்ணாமல் எழுத மாட்டேன்" என்றாள். அதற்கு நோயாளிகளுக்கு எதிரிலேயே திட்டு, அப்புறம் விளக்கக் கடிதம். போதாதென்று வகுப்பு முழுவதற்கும் ப்ரொஃபஷனலிசம் பற்றி அரை நாள் பயிற்சி. கொண்டை எப்படிப் போடுவது, ஷூ எப்படி இருக்க வேண்டும், மூத்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று.

எண்ணாததை எண்ணியதாக எழுத மறுத்த ஒருத்திக்குத்தான் அந்தப் பயிற்சி தேவைப்பட்டதா?

வார்டில் வேலை பார்த்த யாருக்கும், எண்ணாமலே போடும் இந்த 18 புதிதில்லை. பிபியை மெஷின் காட்டிவிடும், காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டிவிடும். மூச்சை மட்டும் ஒரு நிமிடம் நின்று நாம்தான் எண்ண வேண்டும். அதனால்தான் அது முதலில் கைவிடப்படுகிறது. ஆனால் நோயாளியின் நிலை மோசமாகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதும் மூச்சுதான். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012ல் கொண்டுவந்து 2017ல் திருத்திய 'நியூஸ்' என்ற, நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று கணக்கிடும் மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றால் அதில் பூஜ்யம். 21 முதல் 24 என்றால் 2. 25ஐத் தொட்டால் 3. ஏதாவது ஒரு அளவில் 3 வந்தாலே அவசரமாக வந்து பார்க்க வேண்டும் என்பது விதி. 26 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு நாம் 18 என்று எழுதினால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிறது. அந்தப் பெண் இதைச் செய்யத்தான் மறுத்தாள்.

"விஷயம் சரி, சொன்ன தொனிதான் தப்பு" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். பதிவை மூன்று தடவை கேட்டேன். அவள் குரல் நடுங்குகிறது. சத்தமாகப் பேசியவர் வேறு ஒருவர். அவர் தொனியைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதவில்லையே, ஏன்? மரியாதை கீழிருந்து மேலே மட்டும்தான் போக வேண்டுமா? பத்தொன்பது வயதில், படுத்திருப்பவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மதிப்பெண் போடுகிறவரிடம் 'மாட்டேன்' என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நான் மாணவியாக இருந்தபோது ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தார். போர்வையை விலக்கும் முன் ஸ்க்ரீனை இழுத்து மூடுவார். "இவள் படிக்கிற பெண், உங்களைப் பார்க்கலாமா?" என்று என் பெயரைச் சொல்லி நோயாளியிடம் கேட்பார். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார், மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சே மாறிவிடும் என்பார். வார்டு நிரம்பி வழியும் நாளிலும் அந்த ஒரு நிமிடத்தை அவர் குறைத்ததில்லை. ப்ரொஃபஷனலிசம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. அடுத்த வார்டில், நான் சந்தேகம் கேட்டதற்காக ஒருவர் நோயாளியின் மகன் முன்னால் என்னைக் கிழித்தார். அந்த வார்டில் இருந்த மிச்ச நாட்களில் யாருமே சந்தேகம் கேட்கவில்லை. எங்களுக்கு அங்கே கிடைத்த பாடம் அதுதான்.

மாணவர்கள் நாம் வகுப்பில் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள், வார்டில் செய்வதைக் கற்றுக்கொள்கிறார்கள். முதல் வருடம் அத்தனை பேரும் ஒரு நிமிடம் முழுதாக எண்ணுகிறார்கள். மூன்றாம் வருடம் வரும்போது 18 போடப் பழகிவிடுகிறார்கள். இடையில் அவர்கள் யாரைப் பார்த்தார்கள்? நம்மைத்தானே?

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். உண்மைதான். 2014ல் வெளியான, ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளை எடுத்துக்கொண்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைப் பார்த்தார்கள். அதற்காகப் போராடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பட்டப்படிப்பு முடித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடும் இடங்களில் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. இந்தப் பிள்ளைகள் படிக்கிற படிப்புக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்து கற்பனை எண்களைக் கட்டத்தில் நிரப்பச் சொல்கிறோம்.

கொண்டையும் ஷூவும் வேண்டாமா என்றால் வேண்டும். தொற்று பரவக்கூடாது, கால் வழுக்கக்கூடாது. அதற்கு ஒரு மணி நேரம் போதும்.

நைட்டிங்கேல் படத்துக்கு விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறோமே, அவர் 1860ல் நர்சிங் பள்ளி தொடங்கும் முன்பே, போர் மருத்துவமனைகளில் இறந்தவர்களின் கணக்கை அரசின் முன் வைத்து வாதாடியவர். நம் தொழில் எண்களைச் சரியாக எழுதியதில்தான் தலைநிமிர்ந்தது. சர்வதேச செவிலியர் மன்றத்தின் நெறிமுறைக் கோவை 1953ல் வந்தது, 2021ல் கடைசியாகத் திருத்தப்பட்டது. சக ஊழியரின் செயலால் நோயாளிக்கு ஆபத்து வந்தால் நோயாளியைக் காப்பாற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தச் சக ஊழியர் சீனியராக இருந்தால் விட்டுவிடலாம் என்று இல்லை. இதைப் பாடமாக நடத்துகிறவர்களே நாம்தான். நடத்தியதை அவள் நம்பியதற்கு விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறோம். எனக்குத் தாங்கவில்லை.

சீனியர்களை மட்டம் தட்டுகிறேன் என்று சிலர் சொல்வீர்கள். இருபது நோயாளிகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் சிஸ்டர்களை நான் மட்டம் தட்டவில்லை, அவர்களிடம்தான் நான் படித்தேன். நேரமில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விட்டு, எண்ணவில்லை என்று சொல்லிவிடட்டும். கஷ்டத்தோடு உண்மையாக இருப்பவர்களைப் பிள்ளைகள் மதிப்பார்கள்.

நேற்றிலிருந்து எனக்கு மெசேஜ் அனுப்பும் மாணவிகளுக்கு: "இன்னும் எண்ணவில்லை சிஸ்டர், ஒரு நிமிடம் கொடுங்கள், எண்ணி எழுதிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே போய் எண்ணுங்கள். 20க்கு மேல் இருந்தால் இன்னொரு தடவை எண்ணிவிட்டு, ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்காமல் சிஸ்டரிடம் சொல்லுங்கள். அப்படியும் யாராவது திட்டினால் என்னிடம் வாருங்கள், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.