அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

போன வாரம் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதிக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். வரவேற்பறைச் சுவரில் வரிசையாகப் பன்னிரண்டு சட்டங்கள் மாட்டியிருந்தார்கள். உள்ளே எண்பதுகளின் மாத நாவல் அட்டைகள். கையில் துப்பாக்கி, கண் நிறைய மை, பின்னால் ஓர் அம்பாசிடர். பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் நகல் இல்லை, எல்லாம் அசல். முதுகோரமாக பிளேடு போட்டு நேராக வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"உள்ளே இருந்த புத்தகமெல்லாம் எங்கே தம்பி?"

"அது எதுக்குங்ணா, ஒரே பழுப்பா இருந்துச்சு. பழைய பேப்பர்ல போட்டாச்சுங்ணா."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அந்தப் புத்தகங்கள் பழுத்துவிட்டன.

நான் இருபது வருஷமாக மாத நாவல்கள் சேர்க்கிறேன். சேலம் அம்மாபேட்டை வீட்டில் இரண்டு பீரோ நிறைய இருக்கின்றன. மூன்றாவது பீரோ பற்றி வீட்டில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, முடிவு எனக்குச் சாதகமாக இருக்காது. இப்போது இருபது வயதில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மாத நாவல் என்றால் கையடக்க அளவு, செய்தித்தாள் காகிதம், மேலே வழவழப்பான அட்டை, உள்ளே ஒரு முழு நாவல். பெட்டிக்கடையில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டித் தொங்கும். பஸ் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது முடித்துவிடலாம். 1969-ல் ராணிமுத்து வந்தது. பிறகு மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று எண்பதுகளில் மழைக்காலத்து ஈசல் மாதிரி வந்துகொண்டே இருந்தன.

எழுதியவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். ஒரு அத்தியாயம் ஒரு கதை, அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத இன்னொரு கதை, கடைசியில் இரண்டும் ஒரு முடிச்சில் வந்து சேரும். பட்டுக்கோட்டை பிரபாகரின் கதைகளில் துப்பறியும் சுசீலா டி-ஷர்ட்டில் என்ன வாசகம் போட்டிருக்கிறாள் என்று பார்ப்பதற்கே புத்தகம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சுபா என்ற பெயரில் எழுதுவது ஒரு பெண் என்று நம்பி, அது இரண்டு ஆண்கள் என்று தெரிந்த அன்று எங்கள் தெருவில் ஒரு அண்ணன் சாப்பிடவில்லை.

இந்த மாதிரி மலிவு விலைக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் 'பல்ப்', அதாவது கூழ், என்ற பேரே காகிதத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் 1896-ல் ஃபிராங்க் மன்சி தன்னுடைய ஆர்கோசி பத்திரிகையை மலிவான மரக்கூழ்த் தாளில் முழுக்க முழுக்கக் கதைகளாகவே அச்சடித்தார். தாள் மலிவு, விலை மலிவு, வாசகர் கூட்டம் பெரிது. அதே கணக்குதான் நம் ஊரிலும் ஓடியது. சிக்கலும் அதேதான். மரக்கூழில் லிக்னின் என்று ஒன்று இருக்கிறது. மரத்தை விறைப்பாக நிற்க வைப்பது அதுதான். நல்ல காகிதம் செய்யும்போது அதை நீக்கிவிடுவார்கள், செய்தித்தாள் காகிதத்தில் அது அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும், அமிலம் ஊறும், அமிலம் நாரை அறுக்கும். முப்பது வருஷம் கழித்துப் பக்கத்தை மடக்கினால் அப்பளம் மாதிரி ஒடிகிறதே, அதுதான் காரணம். ஒரே மாதம் படித்துவிட்டு எறிவதற்காகச் செய்த பொருள் அது. அதைக் காப்பாற்ற நினைப்பதே ஒரு வகைக் கிறுக்குத்தனம், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த விடுதிக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

நம் வீடுகளில் பைண்டிங் என்று ஒரு பழக்கம் இருந்தது. வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்து, காலிகோ துணி ஒட்டி வாங்குவார்கள். பொன் எழுத்தில் தலைப்பு, கீழே வீட்டுப் பெரியவரின் இனிஷியல். அருமையான பழக்கம் என்று எல்லாரும் உருகுவோம். ஆனால் அந்தப் பழக்கத்தில் அட்டை போயிற்று, விளம்பரம் போயிற்று, வாசகர் கடிதம் போயிற்று. மாத நாவல்களையும் நான்கு நான்காகச் சேர்த்து இப்படியே கட்டினார்கள். நானே செய்திருக்கிறேன். கல்லூரி முதல் வருஷம், பன்னிரண்டு நாவல்களை பைண்டரிடம் கொடுத்தேன். அவர் அட்டைகளை உரித்தார், மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் விட்டு ஓரத்தைச் சீவினார். புத்தகம் செங்கல் மாதிரி கச்சிதமாக வந்தது. வீட்டுக்கு வந்து புரட்டினால், எங்கம்மா பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்த பால் கணக்கு பாதிப் பாதியாக நிற்கிறது. 'அரை லி' என்று இருக்கிறது, மீதி பைண்டர் கடைக் குப்பையில். அன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அம்மா போன பிறகுதான் தெரிந்தது.

ஆக, ஒரு தலைமுறை கதையை வைத்துக்கொண்டு அட்டையை எறிந்தது. இப்போது வந்திருக்கும் தலைமுறை அட்டையை வைத்துக்கொண்டு கதையை எறிகிறது. இரண்டுக்கும் நடுவில் முழுப் பிரதி காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

ஏற்காடு சாலையில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். அறுபதுகளில் ஜெய்சங்கரைத் துப்பாக்கியோடு ஓடவிட்டுத் துப்பறியும் படங்கள் எடுத்ததும் அந்த ஸ்டுடியோதான். மாத நாவல் அட்டைகளில் இருக்கும் தொப்பிக்கும் கோட்டுக்கும் அந்தப் படங்கள் ஒரு விதத்தில் பெரியப்பா முறை. இப்போது உள்ளே வீடுகள். வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உரித்த அட்டைதான் ஞாபகம் வருகிறது.

"கதைதான் மின்னூலாகக் கிடைக்கிறதே, மறுபதிப்பு வருகிறதே" என்று கேட்பீர்கள். கிடைக்கிறது, சந்தோஷம். நானும் வாங்குகிறேன். ஆனால் பழைய பிரதியில் கதை முக்கால்வாசிதான், மீதி கால்வாசி வேறு. வாசகர் கடிதப் பக்கத்தைப் பாருங்கள். போன மாதக் கதையில் இன்ஸ்பெக்டர் செய்த தப்பை ஓமலூரிலிருந்து ஒருவர் கண்டுபிடித்து எழுதியிருப்பார். ஆத்தூரிலிருந்து ஒரு பெண், 'கதாநாயகியைக் கொன்றிருக்க வேண்டாம்' என்று சண்டை போட்டிருப்பார். அந்த ஊர்களில் யார் என்ன படித்தார்கள் என்பதற்கு வேறு எங்கே சாட்சி இருக்கிறது? அப்புறம் விளம்பரங்கள். லாட்டரிச் சீட்டு விளம்பரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகு பிறந்த என் மகள் அதைப் பார்த்து, "இது என்னப்பா, சட்டப்படியா?" என்று கேட்டாள்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கொலுசுப் பட்டறைகள் உண்டு. பள்ளிக்கூட லீவில் ஒரு பட்டறையில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பற்றவைக்கும் வேலை இல்லை, மாத நாவல் வாசிக்கும் வேலை. ஆறு பேர் குனிந்து வளையம் கோப்பார்கள், நான் சத்தமாக வாசிப்பேன். கூலி ஒரு டீயும் ஒரு வடையும். மதியச் சாப்பாட்டு மணிக்குள் கொலைகாரன் பிடிபட வேண்டும், இல்லையென்றால் அன்றைக்குக் கொலுசில் கோணல் வரும் என்று முதலாளி சொல்வார். அந்தப் பிரதிகளில் ஒன்று இன்னமும் என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு விரல் ரேகை. சேகரிப்பவர்கள் பாஷையில் அது 'கண்டிஷன் மோசம்'. ஐம்பது ரூபாய் பெறாது. அதே நாவலின் புத்தம்புதுப் பிரதியைக் கொடுத்து மாற்றிக்கொள்கிறேன் என்று ஒரு நண்பர் கேட்டார். மாட்டேன் என்றேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

விலை பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் அள்ளிய காலம் உண்டு. இப்போது அதே கடைக்காரர் அட்டையில் இருக்கும் ஓவியரின் கையெழுத்தை எனக்கு முன்னால் பார்த்துவிடுகிறார். "ஜெயராஜ் படம் தம்பி, இதுக்கு வேற ரேட்டு." பிழைக்கத் தெரிந்தவர்.

காப்பாற்றுவது எப்படி என்று உள்டப்பியில் (இன்பாக்ஸில்) பலர் கேட்கிறார்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். செல்லோடேப் பக்கமே போகாதீர்கள். பசை காய்ந்து, பழுப்பு நிறப் பட்டை தாளிலேயே நின்றுவிடும். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம், நிழல்தான். சேலத்தில் வெள்ளிக்கும் பஞ்சமில்லை, வெள்ளிப்பூச்சிக்கும் பஞ்சமில்லை. புத்தகத்தைத் துளைக்கும் புழுவும் உண்டு, அதற்கு நம் பாட்டன்கள் இராமபாணம் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை, ஏழு மரம் துளைத்த மாதிரி ஏழு புத்தகத்தையும் துளைக்கும். பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிரதியை பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஒரு கொலைக்கதை கிடப்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சேலத்து வெயிலில் தாள் சீக்கிரம் மொறுமொறுப்பாகிறதே, மலையில் வைத்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு காலத்தில் நினைத்தேன். குளிரில் தாள் மெதுவாகத்தான் கெடும் என்பது உண்மை. ஆனால் ஏற்காட்டில் குளிரோடு ஈரமும் வரும். என் பெரியப்பா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மாதா மாதம் சேலத்திலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர் அவருக்கு நாவல்களைக் கட்டிக் கொண்டுவந்து கொடுப்பார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த புத்தகங்கள். பெரியப்பா காலமாகி நாலு வருஷம் கழித்து, கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பெரியம்மா கூப்பிட்டார்கள். திறந்ததும் வந்த வாசனையிலேயே தெரிந்துவிட்டது. பூஞ்சை. அடியில் இருந்த இரண்டு வரிசை வெல்லக்கட்டி மாதிரி ஒட்டிப்போயிருந்தது, பிரிக்கவே முடியவில்லை. மேல் வரிசையில் நாற்பத்துமூன்று தேறின. முகத்தில் துணி கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, காய்ந்த தூரிகையால் ஒவ்வொரு பக்கமாகத் தட்டினேன். ஈரத் துணியால் துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் இறங்கிவிடும், அதைச் செய்யாதீர்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகத்தோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று விடாமல் சேர்த்தார். அவர் காலத்துக்குப் பிறகு அதுதான் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நோட்டீஸை வெட்டிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அது ஓர் ஆல்பமாகத்தான் இருந்திருக்கும். விடுதி நடத்தும் நண்பர்களே, சுவருக்கு அட்டை வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், நல்ல ஸ்கேன் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். பிளேடை மட்டும் கீழே வையுங்கள்.

பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. அன்றைக்குத் திண்ணையில் நான் தூரிகையோடு உட்கார்ந்திருக்க, பெரியம்மா, "இந்தக் குப்பையத் தூக்கிட்டுப் போறயா கண்ணு, நல்லதாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே காபி கொண்டுவந்து வைத்தார்கள். நான் ஒரு நாவலைப் பிரித்தேன். முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, நீல மையில் கொட்டை எழுத்தில் 'கொலை செஞ்சது டிரைவர்' என்று எழுதியிருந்தது. அடுத்ததைப் பிரித்தேன். 'தம்பி பொண்டாட்டி. விஷம்.' இப்படி ஒன்பது பிரதிகள்.

"எந்தப் படுபாவி பெரியம்மா இப்படி எழுதி வெச்சது?"

பெரியம்மா டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"அவரு எஸ்டேட்ல இருந்து வர்றதுக்குள்ள நான் படிச்சு முடிச்சிருவேன். சண்டை போட்ட அன்னைக்கு மட்டும் எழுதுவேன்."