நூற்று அறுபது வருடக் கணக்கு

ஜூன் 19 வந்தால் எங்கள் அட்லாண்டா வாட்ஸ்அப் குழுவில் "இன்னிக்கு எதுக்கு லீவு?" என்று யாராவது கேட்பார்கள். ஜூன்டீன்த் என்று ஒருவர் பதில் போடுவார். 1865-ல் அதே நாளில், அடிமைகள் எல்லோரும் விடுதலை என்ற உத்தரவை டெக்ஸாஸின் கால்வஸ்டனில் ராணுவத் தளபதி கார்டன் கிரேஞ்சர் வெளியிட்டார், 2021-லிருந்து அது தேசிய விடுமுறை என்று கூகிளில் தேடி எடுத்த தகவலும் வந்து விழும். அப்புறம்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அந்த வசனம்: "அடிமை முறை ஒழிஞ்சு நூத்தி அறுபது வருஷம் ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு இதையே சொல்லிட்டிருப்பாங்க?"

சொல்பவர் ஒன்றும் மோசமானவர் இல்லை. பொங்கல் விழாவுக்கு முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிறவர். நிறவெறி பிடித்த ஆட்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. இவர் மாதிரி நல்ல மனிதர்களோடு பேசத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கணக்கைப் பார்ப்போம். வாஷிங்டனில் டேனியல் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா ஏப்ரம் ஸ்மித் 1863-ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். வயதான காலத்தில் அவருக்கு 1932-ல் பிறந்தவர் டேனியல். சாட்டையடிக் கம்பம் பற்றிய கதைகளைச் சின்னப் பையனாக அப்பா வாயால் கேட்டவர். 1963-ல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணியில் நின்றவர். இறந்தது 2022 அக்டோபரில். பேரன், கொள்ளுப்பேரன் இல்லை, அடிமையாகப் பிறந்தவரின் சொந்த மகன். நம்மில் பாதிப்பேர் இங்கே வந்து, விசா புதுப்பித்து, டெஸ்லா புக் செய்த பிறகும் அவர் உயிரோடு இருந்தார். இன்னொரு கணக்கும் உண்டு. அடிமை முறையை ஒட்டி மூண்டு 1865-ல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒரு சிப்பாயின் மகள் ஐரீன் டிரிப்லெட் 2020-ல் சாகும்வரை மாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் வாங்கினார். அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் போர் நேற்றுவரை திறந்தே இருந்தது. வாட்ஸ்அப்பில் மட்டும் அது பழைய கதை.

1865-ல் ஒழிந்தது என்பதும் அரைகுறை உண்மைதான். அடிமை முறையை ஒழித்த 13-வது சட்டத்திருத்தத்திலேயே "குற்றத்துக்கான தண்டனை தவிர" என்று ஒரு விலக்கு இருக்கிறது. தென் மாநிலங்கள் அந்த ஓட்டையை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. வேலையில்லாமல் சுற்றினான் என்று பிடித்து உள்ளே போடுவது, கைதியைக் கம்பெனிக்கு வாடகைக்கு விடுவது. எங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் இந்த ஏற்பாடு 1908 வரை நடந்தது. அட்லாண்டாவின் சாட்டஹூச்சி செங்கல் சூளை முழுக்க இப்படி வந்த கைதிகளின் உழைப்பில் ஓடியது. அதன் முதலாளி ஜேம்ஸ் இங்கிலீஷ் இந்த ஊரின் முன்னாள் மேயர். இங்கே பழைய செங்கல் கட்டடம் எதன் முன்னாலாவது நின்று செல்ஃபி எடுக்கும்போது எனக்கு அந்தச் சூளை ஞாபகம் வந்துவிடுகிறது.

தமிழர் இருவர் சந்தித்தால் அடுத்த நிமிடமே "சொந்த ஊர் எது?" என்று கேட்போம். ஊர் சொன்னால் தாலுகா, தாலுகா சொன்னால் யார் வீட்டுக்குப் பக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். (அந்த விசாரணை எங்கே போய் முடியும் என்பதும் நமக்குத் தெரியும், அது இன்னொரு பதிவு.) அதே பழக்கத்தில் அலுவலகத்தில் ஒரு கறுப்பினப் பெரியவரிடம் உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "மேக்கன். அதுக்கு முன்னாடி அலபாமா. அதுக்கு முன்னாடி காகிதம் இல்லை" என்றார். கோபமெல்லாம் இல்லை, ரேஷன் கார்டு தொலைந்ததைச் சொல்வது போல் சொன்னார். அப்புறம் விளக்கினார். 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாகப் பதிவானது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் இருக்கும், அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். 1860-ல் அப்படிக் கிட்டத்தட்ட நாற்பது லட்சம் பேர். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் 1870-ஐச் சுவர் என்றே சொல்கிறார்கள். அந்தச் சுவரைத் தாண்டப் பெரும்பாலும் இருக்கும் வழி, தன் முன்னோரைச் சொத்தாக வைத்திருந்தவனின் உயிலையும் விற்பனைச் சீட்டையும் தேடுவது. "இவங்களுக்குக் குடும்ப அமைப்பே கிடையாதுப்பா" என்று பார்ட்டியில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தக் குடும்பங்களைப் பிரித்து ஏலம் போட்ட ரசீதுகள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

அடுத்தது நடைப்பயிற்சி. நம் அங்கிள்கள் மாலையில் வாக்கிங் போகும்போது, பாதி கட்டிய வீடு கண்ணில் பட்டால் உள்ளே நுழைந்து கிச்சன் எந்தப் பக்கம், பூஜை அறைக்கு இடம் வருமா என்று பார்க்காமல் வந்ததுண்டா? சனிக்கிழமை பொழுதுபோக்கே அதுதான். 2020 பிப்ரவரியில் இதே ஜார்ஜியாவின் பிரன்ஸ்விக் பக்கம் ஓடப் போன 25 வயது அமாட் ஆர்பெரியும் அப்படி ஒரு கட்டுமான வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எதையும் எடுக்கவில்லை. மூன்று வெள்ளையர்கள் வண்டிகளில் துரத்தி வழிமறித்தார்கள், ஒருவன் சுட்டுக் கொன்றான். இரண்டு மாதத்துக்கும் மேலாக யாரையும் கைது செய்யவில்லை. கைது தேவையில்லை என்ற அரசு வழக்கறிஞர் அதற்குச் சுட்டிய சட்டம், பொதுமக்களே ஒருவரைப் பிடித்துவைக்கலாம் என்கிற 1863-ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டைப் பாருங்கள். தப்பியோடும் அடிமைகளைப் பிடிக்க உதவிய காலத்துச் சட்டம், 2021-ல்தான் அதை நீக்கினார்கள். கொன்றவர்களுக்குப் பின்னால் ஆயுள் தண்டனை கிடைத்தது. நம் குழுவில் அன்று வந்த முதல் கேள்வி, "அவன் ஏன் அந்த வீட்டுக்குள்ள போனான்?"

சரி, நமக்குப் பிடித்த பதிலுக்கு வருவோம். "நாமளும் ரெண்டு பெட்டியோடதானே வந்தோம். உழைச்சு மேல வரலையா?" வந்தோம், பொய்யில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு பட்டச் சான்றிதழ் இருந்தது. பலருக்கு அது அரசுக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் வாங்கியது. நம்மை உள்ளே விட்ட கதவை யார் திறந்தது என்பது அதைவிட முக்கியம். 1923-ல் பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர் குடியுரிமை கேட்ட வழக்கில் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் நம் தரப்பு வாதம் என்ன தெரியுமா? நாங்கள் ஆரியர், உயர்சாதி; உங்களுக்கு நீக்ரோ எப்படியோ அப்படித்தான் எங்களுக்கு எங்கள் ஊர்ப் பூர்வகுடி, கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ள மாட்டோம் என்பது. நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாகக் கொடுத்தது. அப்படிக் காலில் விழுந்தும் கதவு திறக்கவில்லை. 1946-ல் ஒரு சட்டம் ஆண்டுக்கு நூறு இந்தியர் வரலாம் என்றது. நூறு! கதவு நிஜமாகத் திறந்தது 1965 அக்டோபரில், புதிய குடியேற்றச் சட்டத்தில். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கறுப்பினத்தவர் அலபாமாவின் செல்மாவில் ஊர்வலம் போய் அடிவாங்கிப் பெற்ற வாக்குரிமைச் சட்டம் வந்திருந்தது. இனத்தைக் காட்டி ஆளைத் தள்ளிவைப்பது தப்பு என்று அவர்கள் இந்த நாட்டை ஒப்புக்கொள்ள வைத்த அதே காற்றில்தான் நம் விசாவும் வந்தது.

இப்போது நம்ம ஏரியா. அட்லாண்டாவுக்கு வடக்கே 400 நெடுஞ்சாலையில் போனால் ஃபோர்சைத் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). 2020-ல் மக்கள்தொகை இரண்டரை லட்சம், அதில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஆசியர், பெரும்பாலும் நாம்தான். வீடு பார்க்க வரும் புதுக் குடும்பத்திடம் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வோம்: "ஸ்கூல் சூப்பர். ஏரியா சேஃப். டீசன்ட்டான கூட்டம்." கொஞ்சம் நெருங்கிய பழக்கம் என்றால் குரலைத் தாழ்த்தி, "அவங்க அதிகம் கிடையாது." கூடவே ஓர் ஆராய்ச்சி முடிவும்: "அவங்களுக்கு இந்தப் பக்கம் வர இஷ்டமில்ல போல."

இஷ்டத்தின் வரலாறு இது. 1912 செப்டம்பரில் மே குரோ என்ற 18 வயது வெள்ளைப் பெண் இங்கே தாக்கப்பட்டுக் கிடந்தாள், இரண்டு வாரத்தில் இறந்தாள். ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞரை, கவுண்டியின் தலைநகரான கம்மிங்கின் சிறையிலிருந்து இழுத்து வந்து கொன்று ஊர் நடுவே தொங்கவிட்டது ஒரு கும்பல். எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கர் டேனியல் என்ற பதின்ம வயதுப் பையன்கள் இருவரை அவசர அவசரமாக விசாரித்து, ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்க்கத் தூக்கில் போட்டார்கள். அதோடு விடவில்லை. இரவுகளில் குதிரையில் வந்து வீடுகளை நோக்கிச் சுட்டார்கள், தேவாலயங்களை எரித்தார்கள். சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் கவுண்டியை விட்டே துரத்தப்பட்டார்கள். அவர்களில் சிலருக்குச் சொந்த நிலம் இருந்தது. அடிமை முறை ஒழிந்து ஐம்பது வருடத்துக்குள் வியர்வை சிந்தி வாங்கிய நிலம். அடுத்த முக்கால் நூற்றாண்டு அது கிட்டத்தட்ட முழு வெள்ளையர் கவுண்டி. 1987 ஜனவரியில், கிங்கோடு சேர்ந்து போராடிய ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் ஒரு சிறு குழு ஊர்வலம் போனபோது கல்லால் அடித்தார்கள். அடுத்த வாரமே இருபதாயிரம் பேர் திரண்டு வந்தார்கள், காவலுக்குத் தேசியக் காவல் படை. 1987 என்பது நமக்கு *நாயகன்* வந்த வருடம், அவ்வளவு பக்கம். கம்மிங்கில் ராப் எட்வர்ட்ஸ் நினைவாக 2021-ல் ஒரு தகவல் பலகை வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் அந்தப் பக்கம் எத்தனையோ வேலையாகப் போகிறோம், நின்று படித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நல்ல ஸ்கூல் என்கிறோமே, பள்ளிக்கான பணத்தில் ஒரு பெரிய பங்கு அந்தந்த ஊர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை ஏறிய இடத்தில் பள்ளியும் ஏறும். ஏறும் இடத்தில் வீடு வாங்க யாருக்கு வங்கி கடன் கொடுத்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தில் வீட்டுக்கடன் கிடைத்தது. 1947-ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் அப்படிக் கொடுத்த மூவாயிரத்துச் சொச்சம் கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. நூற்றுக்கு இரண்டு இல்லை, மொத்தமே இரண்டு. இதற்கும் முன்னால் போனால், 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் நம்ம சவானாவிலிருந்துதான் விடுதலையானவர்களுக்குக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை என்று உத்தரவு போட்டார். அந்த வருடம் முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். நஷ்டஈடு யாருக்குமே கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1862-ல் வாஷிங்டனில் அடிமைகளை விடுவித்தபோது தலைக்கு 300 டாலர் வரை அரசு கொடுத்தது, முதலாளிக்கு. விடுதலையானவருக்கு? நாட்டை விட்டே போய்விடச் சம்மதித்தால் 100 டாலர் வரை. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 ஆய்வுப்படி, சொத்து வரிசையில் நட்டநடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், அப்படி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. சேமிக்கத் தெரியாதவர்கள் என்று இதற்கு ஒரு வரி விளக்கம் சொல்கிறோம்.

இதையெல்லாம் அந்த நாற்காலி போடும் நண்பரிடம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அதுக்கு நான் என்ன, வீட்டை வித்துட்டுப் போகணுமா?" என்றார். நியாயமான எரிச்சல்தான். அவரை வீட்டை விற்கச் சொல்லி எந்தக் கறுப்பினத்தவரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில் வந்த வீட்டுரிமைச் சட்டப்படி, வீடு காட்டும் ரியல்டர் இந்தத் தெருவில் எந்த இனத்தவர் அதிகம் என்று சொல்லி வாடிக்கையாளரை ஓர் ஏரியாவுக்கு இழுக்கவோ, ஓர் ஏரியாவிலிருந்து விலக்கவோ கூடாது. செய்தால் வழக்கு, லைசென்ஸும் போகலாம். அதனால் நீங்கள் கேட்டாலும் அவர் நழுவிவிடுவார். கமிஷன் வாங்கும் ஆளே சொல்ல அஞ்சுகிற அந்த வரியை, வீடு பார்க்க வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஃபில்டர் காஃபியோடு சேர்த்து இலவசமாகச் சொல்லி அனுப்புவது நாம்தான்.