தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?

இளைஞர்கள் கையுறை மாட்டிக்கொண்டு குளக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கினால் ஊரே மெச்சுகிறது, சால்வை போர்த்துகிறது. அதே பிள்ளைகள் "குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?" என்று கேட்டால், "படிக்கிற வயதில் உனக்கெதற்குத் தம்பி இந்த வம்பு?" என்று வாயடைக்கிறார்கள். கரையைச் சுத்தம் செய்வது நல்ல காரியம்தான். ஆனால் ஓர் ஊருக்கு நல்ல தண்ணீரும் கழிப்பறையும் வந்து நிலைப்பது கேள்வி கேட்கும் பிள்ளைகளால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

2018 டிசம்பரில் ஆம்பூரைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது நினைவிருக்கும். வகுப்பில் முதலாவதாக வந்தால் கழிப்பறை கட்டித் தருவதாகச் சொன்ன அப்பா சொன்னபடி செய்யவில்லை, வெளியே போக வெட்கமாக இருக்கிறது என்பதே புகார். அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குக் கண் கலங்கியது. அந்தக் குழந்தை எழுதிய பிறகுதான், அவள் வசித்த பகுதியில் 500க்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்ட அதிகாரிகள் திட்டமிட்டார்கள்.

எங்கள் பக்கத்து ஊராட்சியில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் செய்த வேலையை அருகிலிருந்து பார்த்தேன். கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சின்னக் குப்பி ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீரைக் கோடுவரை பிடித்து, மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால் போதும். தண்ணீரில் மலக்கழிவு கலந்திருந்தால் கறுத்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் இந்தச் சோதனைக்கென்றே ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இந்தப் பிள்ளைகள் அந்தப் பெண்களையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகத் தண்ணீர் பிடித்தார்கள். கடைசித் தெருக் குப்பிகள் மட்டும் மைபோலக் கறுத்தன. குளோரின் சோதனையில் மஞ்சள் நிறம் வர வேண்டிய தண்ணீர் அங்கே நிறமே மாறவில்லை. குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்ததாகப் பதிவேட்டில் எழுதினால் மட்டும் கிருமி சாகாது.

மார்ச் 22, தண்ணீர் தினக் கிராம சபையில் அந்தக் குப்பிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் எழுந்து வந்து, எந்தக் குப்பி எந்த வீட்டுக் குழாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். சாக்கடைக்குள் ஓடிய உடைந்த குழாயை அதற்குப் பிறகுதான் தோண்டி மாற்றினார்கள். மாதம் இருமுறை, 5ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கழுவ வேண்டிய தொட்டியில் இப்போது கழுவிய தேதியைப் பெயின்டில் எழுதுகிறார்கள்.

பள்ளிக் கழிப்பறைகளை நினைத்தால் கோபம் அடங்க மறுக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் பள்ளிகளில் கட்டியவற்றை நேரில் ஆய்வு செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2020இல் அறிக்கை வைத்தார். பார்த்தவற்றில் 72 சதவீதத்தில் குழாய்த் தண்ணீர் இல்லை, 55 சதவீதத்தில் கை கழுவும் வசதி இல்லை. தண்ணீர் வராத கழிப்பறை பூட்டிக்கிடக்கும். அதற்குப் பயந்து நம் பெண் பிள்ளைகள் காலையில் குடித்த அரை டம்ளரோடு மாலைவரை தாகத்தை அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்தாலும் வீட்டில் சொல்வதில்லை. 2025 முதல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறார்கள். வரவேற்கிறேன். குடித்த பிள்ளை போவதற்கு இடமும் வேண்டும்.

அதே குழு இப்போது அந்த ஊராட்சிப் பள்ளிகளில் எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சோப்பு இருக்கிறதா என்று மாணவிகளிடமே கேட்டுப் பட்டியல் எடுக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கப்போகிறார்கள். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் கிராம சபை உறுப்பினர்தான், பதினெட்டு முடிந்த பிள்ளைகள் உட்பட. அன்று மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு வாருங்கள். பிள்ளைகள் பேசும்போது குறுக்கிடுபவர்களை உட்காரச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டும்வரை எழுந்து போகாதீர்கள்.