கடவுள் பெயரைச் சொல்லி வீட்டைக் கைகழுவலாமா?

குடும்பத்தை ‘வெறுக்க’ச் சொல்லும் லூக்கா 14:26-ஐக் காட்டிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரிப்பவர்கள் ஒரு பக்கம். அதே வசனத்தைக் காட்டி, கிறிஸ்தவமே குடும்பத்துக்கு எதிரானது என்று வாதிடுபவர்கள் இன்னொரு பக்கம். ஆகாத கட்சிகள் இரண்டும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: அந்த வசனத்தோடு வேதாகமத்தை மூடி வைத்துவிடுகிறார்கள்.

வசனம் கடுமையானதுதான். தகப்பன், தாய், மனைவி, பிள்ளைகள், சகோதரர், சகோதரிகள், அப்புறம் ‘தன் ஜீவனையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான்’ என்கிறார் இயேசு. ‘இங்கே வெறுப்பது என்றால் குறைவாக நேசிப்பது’ என்று போதகர்கள் சமாதானம் சொல்வார்கள். ‘என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல’ என்ற மத்தேயு 10:37 அதற்கு இடமும் தருகிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெற்ற பிள்ளையைவிட என்னை அதிகமாக நேசி என்று ஒருவர் கேட்பது மட்டும் லேசான காரியமா என்ன? விளக்கம் சொன்ன பிறகும் வசனம் வசனமாகத்தான் இருக்கிறது.

நான் பார்க்கும் இடம் வேறு. அந்தப் பட்டியல் எங்கே முடிகிறது? ‘தன் ஜீவனையும்’ என்று. அடுத்த வசனங்களில் கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். போருக்குப் போகும் ராஜா தன் படையை எண்ணிப் பார்க்கிறான். கூட்டம் கூட்டமாகப் பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, ‘இதற்கு உனக்கு என்ன செலவாகும் தெரியுமா’ என்று கேட்கிற இடம் அது. செலவு பின்பற்றுகிறவனுடையது. வீட்டில் இருக்கும் வயதான அம்மாவின் தலையில் அந்தக் கணக்கை எழுத இயேசு சொல்லவில்லை.

அப்படி எழுதியவர்களை அவர் என்ன சொன்னார் என்பதும் வேதத்திலேயே இருக்கிறது. மாற்கு 7-ஆம் அதிகாரம், கொர்பான் விவகாரம். கொர்பான் என்றால் கடவுளுக்கென்று நேர்ந்துவிடப்பட்டது. ‘என்னிடமிருந்து உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உதவி எதுவோ அது கொர்பான்’ என்று ஒரு மகன் பெற்றோரிடம் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அவன் அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. செய்ய நினைத்தாலும் பொருத்தனை குறுக்கே நிற்கும். இது வெறும் பேச்சு வழக்கு அல்ல. எருசலேமுக்கு அருகே கிடைத்த அந்தக் காலத்து எலும்புப் பேழை ஒன்றின் மூடியில், இதற்குள் ஒருவன் தனக்குப் பயன்படும் என்று எதைக் கண்டாலும் அது கடவுளுக்குக் கொர்பான் என்ற பொருளில் அரமேய மொழியில் எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லைப் போட்டால் யாரும் கைவைக்கக் கூடாது, அவ்வளவுதான். கல்லறைத் திருடனை விரட்டுவதற்கு எழுதிய வார்த்தையைப் பெற்ற தகப்பனிடம் சொன்னால் எப்படி இருக்கும்?

இயேசுவுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்ற கட்டளையை எடுத்து எதிரே வைக்கிறார். அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுத்த பரிசேயர், வேதபாரகர் என்ற யூத மதத்தலைவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்கிறார். பக்தியின் பெயரால் பெற்றோரைக் கைவிடுவது அவர் பார்வையில் பக்தியே இல்லை. கனம்பண்ணுவது என்பதை வெறும் வணக்கம் போடுவதாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். பராமரிப்பு, பணம், உதவி என்று கையில் எண்ணக்கூடிய விஷயமாகத்தான் அங்கே பேசுகிறார்.

பவுல் இன்னும் பச்சையாக எழுதுகிறார். தன் வீட்டாரை விசாரியாமல் போகிறவன் ‘விசுவாசத்தை மறுதலித்தவனும், அவிசுவாசியிலும் கெட்டவனுமாயிருப்பான்’ (1 தீமோத்தேயு 5:8). ஊழியத்துக்கு வந்த பிறகு வீட்டுப் பக்கமே திரும்பவில்லை என்று சாட்சி நேரத்தில் பெருமையாகச் சொல்கிறவர்களுக்கு இந்த வசனத்தை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அல்லேலூயா சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

அப்படியானால் பெற்றோர் சொன்னபடி எல்லாம் கேட்டு நட என்பதுதான் வேதமா? அதுவும் இல்லை. மாற்கு 3-ல் இயேசுவுக்கு மதிமயங்கிவிட்டது என்று நினைத்து அவருடைய இனத்தார் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள். தாயும் சகோதரரும் வெளியே நின்று கூப்பிட்டு அனுப்புகிறார்கள். அவர் எழுந்து போகவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவனே எனக்குச் சகோதரனும் சகோதரியும் தாயும் என்கிறார். வெளியே நின்ற மரியாளுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று நினைக்காமல் அந்தப் பகுதியை என்னால் வாசிக்க முடிவதில்லை. ஆனால் அதே இயேசுதான் சிலுவையில் தொங்கும்போது, ‘அதோ, உன் மகன்’, ‘அதோ, உன் தாய்’ என்று அந்தத் தாய்க்கு ஒரு வீட்டை ஏற்பாடு செய்தார். பணியை நிறுத்து என்று கூப்பிட்டபோது போகவில்லை. தாய்க்கு ஆள் இல்லாமல் போகும் நேரத்தில் விட்டுவிடவும் இல்லை. என் எண்ணமெல்லாம் இந்த இரண்டு காட்சிகளுக்கு நடுவில்தான். குடும்பம் நம்மிடம் கேட்பதில் பராமரிப்பும் இருக்கிறது, ஆட்சியும் இருக்கிறது. இயேசு தட்டிவிட்டது ஆட்சியை.

சீஷர்கள் கதையும் அப்படித்தான். யாக்கோபும் யோவானும் தகப்பன் செபதேயுவைப் படகில் விட்டுவிட்டுப் போனார்கள் என்கிறோம். கூலியாட்களோடு விட்டுப் போனார்கள் என்று மாற்கு ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறார். பிறகு அவர்களுடைய தாய் இயேசுவோடு வருகிறவர்களில் ஒருத்தியாக இருக்கிறாள். மகன்களுக்கு வலதுபுறமும் இடதுபுறமும் இடம் கேட்டு வந்தவளும் அவள்தான் (அம்மாக்கள் அம்மாக்கள்தான்). பேதுரு எல்லாவற்றையும் விட்டவர். ஆனால் இயேசு அவர் வீட்டுக்குப் போய் மாமியாரின் காய்ச்சலைக் குணமாக்கினார். பல வருடம் கழித்தும் பேதுரு மனைவியோடு பயணம் செய்தார் என்பது 1 கொரிந்தியர் 9:5-ல் தெரிகிறது.

திருச்சபை வரலாற்றில் இதைப் பற்றி எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 4-ஆம் நூற்றாண்டில், சிரியா பாலைவனத்தில் துறவியாக இருந்த இளம் ஜெரோம், வீடு திரும்பிவிட்ட நண்பர் எலியோதோருக்கு ஒரு கடிதம் எழுதினார். உன் சகோதரியின் பிள்ளையான குட்டி மருமகன் உன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாலும், உன் தகப்பன் வாசற்படியில் குறுக்கே படுத்தாலும், அவரை மிதித்துக்கொண்டு, கண்ணில் நீர் இல்லாமல் சிலுவைக் கொடியை நோக்கி ஓடு என்கிற மாதிரியான கடிதம். எலியோதோர் ஓடவில்லை. விதவையான சகோதரியும் அவள் பிள்ளையும் இருந்த வீட்டோடு இருந்துவிட்டார். பிறகு அல்தீனும் என்ற ஊருக்கு ஆயரானார். கழுத்தில் தொங்கியதாகச் சொன்ன அந்தக் குட்டி மருமகன் நெப்போத்தியன் வளர்ந்து குருவானான். ஒரு குரு எப்படி வாழ வேண்டும் என்று அவனுக்கு விரிவாகக் கடிதம் எழுதிக் கொடுத்தது யார்? அதே ஜெரோம். ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து எழுதிய அந்தக் கடிதத்தில், பழைய கடிதம் இளம் வயதின் சொல்லலங்கார விளையாட்டு என்று அவரே ஒத்துக்கொள்கிறார். நெப்போத்தியன் இளமையிலேயே இறந்தபோது எலியோதோருக்கு ஆறுதல் எழுதியதும் அவர்தான். வேதாகமத்தை லத்தீனில் தந்த அறிஞரே அந்த வசனத்தை வீராவேசமாக எடுத்துப் பிறகு நிதானத்துக்கு வந்திருக்கிறார். நம்மில் சிலர் அந்த முதல் கடிதத்தோடு நின்றுவிடுகிறோம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, விசுவாசத்துக்காகப் பிள்ளையை மிரட்டும் குடும்பங்கள் சந்தோஷப்பட வேண்டாம். ‘கனம்பண்ணுவாயாக’ என்பதை ஆயுதமாகத் தூக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். குடும்பத்தைக் கடவுளுக்கு மேலே வைப்பதையும் வேதம் ஏற்கவில்லை. ஆசாரியன் ஏலி தன் மகன்கள் ஆலயத்தில் செய்த அக்கிரமத்தைக் கண்டித்தான், ஆனால் அடக்கவில்லை. ‘என்னைப் பார்க்கிலும் உன் குமாரரை மதிக்கிறாய்’ என்ற தீர்ப்பு அவன் மேல் வந்தது. தகப்பன் சவுல் ராஜா தாவீதைக் கொல்லத் தேடுவது தப்பு என்று தெரிந்த யோனத்தான் தாவீதைத் தப்பவைத்தான். ஆனாலும் கடைசிப் போரில் தகப்பனோடு நின்றுதான் செத்தான். 203-ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் விசுவாசத்துக்காகச் சிறையில் இருந்த பெர்பெத்துவா என்ற பெண்ணிடம் அவள் தகப்பன் வந்து, கையை முத்தமிட்டு, காலில் விழுந்து, விசுவாசத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினார். அவள் விடவில்லை. ஆனால் ஆளுநன் அவரைக் கோலால் அடிக்கச் சொன்னபோது, அந்த அடி தன் மேல் விழுந்தது போல இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறாள். மறுப்பும் பாசமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஒரு வசனம் மட்டும் எனக்கு இன்னும் இறங்கவில்லை. தீர்க்கதரிசி எலியா தன் பின்னே வரும்படி கூப்பிட்டபோது, தகப்பனையும் தாயையும் முத்தமிட்டு வருகிறேன் என்று எலிசா கேட்டான், எலியா தடுக்கவில்லை. ஏர் மாட்டை அடித்துச் சமைத்து ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டே எலிசா கிளம்பினான். ஆனால் லூக்கா 9-ல் தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்று கேட்டவனுக்கு, ‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ என்பதுதான் இயேசுவின் பதில். தகப்பன் அப்போது உயிரோடுதான் இருந்தார், அவர் காலம் முடியட்டும் என்றுதான் அவன் தள்ளிப்போட்டான் என்றொரு விளக்கம் உண்டு. வசதியான விளக்கம், வசனத்தில் அப்படி இல்லை. யாராவது ஒரு போதகர் இந்தப் பகுதியையும் கொர்பானையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒன்றை வைத்து மற்றதை மழுப்பாமல் பிரசங்கித்தால் சொல்லுங்கள். முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன்.