வக்கீல் பார்த்துக்குவாருங்க

இந்த ஆயுத பூஜைக்கு பீரோவை ஒதுங்க வைக்கும்போது 2006 டைரி கிடைத்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்போது நான் புரொடக்‌ஷன் மேனேஜர். டிசம்பர் கடைசியில் என் கையெழுத்தில் ஒரு வரி: "சாயப்பட்டறை கேஸ். வக்கீல் பார்த்துக்குவார்." கீழே நூல் விலை, ஷிப்மெண்ட் தேதி, அவ்வளவுதான்.

சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது, சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்து என்று ஹைகோர்ட் சொன்ன மாதம் அது. தெரியாமல் இல்லைங்க. 1992இல் நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கு என்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டியாகக் கிடந்ததை மூக்கைப் பொத்திக்கொண்டு நானே பார்த்திருக்கிறேன். மாதாமாதம் மீட்டிங்கில் பேசவும் செய்தோம், ஆனால் சட்டச் செலவு என்ற கணக்கில் வைத்துப் பேசினோம், அது அக்கவுண்ட்ஸ்காரர் தலைவலி, நமக்கென்ன என்று டீ குடித்துவிட்டு எழுந்துவிடுவோம்.

2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்ததும் அதே விஷயம் உயிர்ப் பிரச்சினை ஆகிவிட்டது. துணியை வெளியூருக்கு லாரி ஏற்றி சாயம் போட்டு வாங்கினோம். அப்புறம் சில வருடத்தில் பையரிடம் (நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரரிடம்) "எங்க ஊரில் சாயத்தண்ணீரை ஆற்றில் விடுவதில்லை" என்று பெருமையாகப் படம் போட்டுக் காட்டியதும் நான்தான். கூச்சமே இல்லை! மனசு இரண்டு தடவை மாறியிருக்கிறது, மாறியது ஒருதடவைகூட எனக்குத் தெரியவில்லை.

பெரிய ஆபத்துக்கு முன்னால் மெல்லிய அறிகுறிகள் வரும், அதைக் கவனிக்க வேண்டும் என்று மேலாண்மை அறிஞர் இகோர் அன்சாஃப் 1975இல் எழுதினார். சரி. ஒரத்துப்பாளையத்து நாற்றம் மெல்லியதாங்க? கீழ்நொய்யல் விவசாயிகள் வருடக்கணக்காகக் கோர்ட்டில் நின்றது மெல்லியதா? கவனித்தோம், தப்பான பைலில் போட்டுவிட்டோம், அதுதான் நடந்தது.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி என்றானபோதும் ஐரோப்பா ஆர்டர் பார்க்கிற பையன், "நமக்கு அது இல்லீங்க சார், அமெரிக்கா டீம் பார்த்துக்குவாங்க" என்றான். அமெரிக்க ஆர்டர் போன கம்பெனிக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டா உட்காருவார்கள், பீஸுக்கு நாலு ரூபாய் குறைத்துக்கொண்டு உன் பையரிடம்தானே வருவார்கள் என்று கேட்டேன். பேச்சையே காணோம். ஆயுத பூஜை முடிந்த வாரம் மீட்டிங்குக்கு டைரியைப் பையில் எடுத்துப் போனேன். கையெழுத்து என்னுடையதாயிற்றே, வெளியே எடுக்கவில்லை.